கார் கடனோடு வரும் ஆயுள், டிசபிலிட்டி காப்பீடு: ‘ஏற்கெனவே இருந்த நோய்’ விதிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் கார் வாங்கியவர்களுக்கு இந்த இடம் நினைவிருக்கும். வண்டி பிடித்துப்போய், விலை பேசி முடித்து, களைப்போடு ஃபைனான்ஸ் அறையில் உட்கார்ந்திருப்போம். தாள் மேல் தாளாக வரும். நடுவில் ஒரு தாளைக் காட்டி, நீங்கள் இறந்துவிட்டால் கடன் பாக்கியை இது அடைத்துவிடும், உடம்பு முடியாமல் வேலைக்குப் போக முடியாவிட்டால் தவணையைக் கட்டிவிடும், மாதத்துக்குச் சில டாலர்தான் கூடும் என்பார்கள். மருத்துவப் பரிசோதனை கிடையாது. கேள்விகூட ஒன்றோ இரண்டோதான். இதுதான் கிரெடிட் லைஃப், கிரெடிட் டிசபிலிட்டி காப்பீடு. உறுப்பினர்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவுக் கடன் சங்கமான கிரெடிட் யூனியனில் தனிநபர் கடன் வாங்கினாலும் இதே தாள் வரும்.

இந்தக் காப்பீட்டுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1910-ல் வர்ஜீனியாவில் சாதாரணச் சம்பளக்காரர்களுக்குக் கடன் கொடுக்க வங்கி தொடங்கிய ஆர்தர் மோரிஸ், கடன் வாங்கியவர் செத்துப்போனால் ஜாமீன் போட்டவர்கள் தலையில் பாக்கி விழக்கூடாது என்று 1917-ல் இதற்கென்றே ஒரு காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். நோக்கம் நல்ல நோக்கம்தான். சிக்கல் கிளெய்ம் போடும்போது வருகிறது. “இந்த நோய் உங்களுக்கு ஏற்கெனவே இருந்தது” என்று ஒரு வரியில் மறுப்புக் கடிதம் வந்தால், பெரும்பாலானவர்கள் ‘ஆமாம், இருந்ததுதானே’ என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விடவே கூடாது. விதி கேட்பது நோய் இருந்ததா என்று அல்ல. எந்தத் தேதியில் வைத்தியம் பார்த்தீர்கள், எந்தத் தேதியில் முடியாமல் போனது என்றுதான் கேட்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் பாதி வேலை காலண்டரோடுதான்.

படி 1: கையில் இருப்பது காப்பீடுதானா என்று பாருங்கள்

தாளின் தலைப்பைப் படியுங்கள். ‘கிரெடிட் இன்ஷூரன்ஸ்’ என்றிருந்தால் அது காப்பீடு. 1945-ல் வந்த மெக்காரன்-ஃபெர்குசன் சட்டத்தின்படி காப்பீட்டை ஒழுங்குபடுத்துவது மாநிலங்களின் வேலை. அதனால் விதிகளும் புகார் செய்யும் இடமும் உங்கள் மாநிலத்தின் காப்பீட்டுத் துறை. ‘டெட் கேன்சலேஷன்’, ‘டெட் சஸ்பென்ஷன்’, ‘டெட் புரொடெக்ஷன்’ என்று இருந்தால் (இங்கே ‘டெட்’ என்பது கடன்) அது பார்க்க அதே மாதிரி இருந்தாலும் காப்பீடே அல்ல. கடன் கொடுத்தவரே “இன்னது நடந்தால் பாக்கியைத் தள்ளுபடி செய்கிறேன்” அல்லது “தவணையை நிறுத்தி வைக்கிறேன்” என்று எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம். தேசிய வங்கிகள் விற்றால், அதைப் பார்ப்பது வங்கிகளுக்கான கூட்டாட்சி அமைப்பான ஓ.சி.சி. இதில் மாநிலக் காப்பீட்டுத் துறைக்கு எழுதினால் ‘எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று பதில் வரும். அதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும்.

காப்பீடு என்றால், உங்களிடம் இருக்க வேண்டிய ஆவணத்தின் பெயர் ‘சர்ட்டிஃபிகேட் ஆஃப் இன்ஷூரன்ஸ்’. இவை பெரும்பாலும் கடன் கொடுப்பவர் பெயரில் எடுத்த குழு பாலிசிகள். மூலப் பாலிசி அவரிடம் இருக்கும், உங்களுக்குச் சர்ட்டிஃபிகேட்தான். அது இல்லையென்றால் இன்றே கேட்டு வாங்குங்கள். விற்கும்போது கொடுத்த வண்ணத் துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு எதையும் வாதாட முடியாது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் ஒதுக்கிவிடலாம். ‘ஒபாமாகேர் வந்த பிறகு ஏற்கெனவே இருந்த நோயைக் காரணம் காட்டி மறுக்கவே முடியாதே’ என்று பலரும் நினைக்கிறார்கள். 2010-ல் நிறைவேறி 2014 முதல் முழுதாக நடைமுறைக்கு வந்த அந்தத் தடை, மருத்துவச் செலவுக் காப்பீட்டுக்கானது. கடனுக்கான காப்பீடும், டிசபிலிட்டி வருமானக் காப்பீடும் கூட்டாட்சிச் சட்டத்தில் அதற்கு வெளியே நிற்பவை. ஆகவே இங்கே பழைய விலக்கு விதி இன்றும் உயிரோடு இருக்கிறது.

படி 2: ‘முன்னால் ஆறு, பின்னால் ஆறு’ கணக்கைப் போடுங்கள்

மாநிலக் காப்பீட்டு ஆணையர்களின் தேசிய சங்கமான என்.ஏ.ஐ.சி. இதற்கென ஒரு மாதிரி விதிமுறை வைத்திருக்கிறது. பல மாநிலங்கள் அதையொட்டியே எழுதியிருக்கின்றன. அதன்படி ஒரு நோயை ‘ஏற்கெனவே இருந்தது’ என்று ஒதுக்க இரண்டு நிபந்தனையும் சேர்ந்து நிறைவேற வேண்டும். காப்பீடு தொடங்கிய நாளுக்கு முந்தைய 6 மாதத்துக்குள் அந்த நோய்க்காக மருத்துவ ஆலோசனையோ, நோயறிதலோ, சிகிச்சையோ நடந்திருக்க வேண்டும். அதே நோயால் தொடங்கிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மரணமோ டிசபிலிட்டியோ நேர்ந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்து மற்றொன்று இல்லையென்றால் விலக்கு பொருந்தாது.

தேதி போட்டுப் பார்த்தால் தெளிவாகும். காப்பீடு 2025 மார்ச் 10-ல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் ஆறு என்பது 2024 செப்டம்பர் 10 முதல் 2025 மார்ச் 10 வரை. பின்னால் ஆறு என்பது 2025 மார்ச் 10 முதல் செப்டம்பர் 10 வரை.

முதுகு வலிக்கு 2024 நவம்பரில் டாக்டரைப் பார்த்தீர்கள். 2025 ஜூலையில் அதே முதுகால் வேலைக்குப் போக முடியவில்லை. இரண்டு தேதியும் உள்ளே விழுகின்றன, கிளெய்ம் மறுக்கப்படும். அதே நவம்பர் வைத்தியம், ஆனால் படுத்தது 2025 அக்டோபர் 20-ல் என்றால் பின்னால் ஆறு தாண்டிவிட்டது, பணம் கிடைக்க வேண்டும். இன்னொன்று: பத்து வருடமாக முதுகு வலி, ஆனால் கடைசியாக வைத்தியம் பார்த்தது 2024 ஜூனில், 2025 ஏப்ரலிலேயே படுத்துவிட்டீர்கள். முன்னால் ஆறில் எதுவும் இல்லை, அதனால் இதற்கும் பணம் கிடைக்க வேண்டும். பத்து வருடக் கதையைக் கேட்டதும் ‘ஏற்கெனவே இருந்த நோய்தான்’ என்று நம் மனமே தீர்ப்பு சொல்லிவிடும். விதி அப்படிச் சொல்லவில்லை.

நான்காவது நிலைமையில்தான் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். நவம்பரில் வைத்தியம். ஆகஸ்ட் 25-ல் படுத்து, டிசம்பர் வரை எழவில்லை. ‘செப்டம்பர் 10-க்குப் பிறகுள்ள மாதங்களுக்காவது கொடுங்கள்’ என்று கேட்கத் தோன்றும். மாதிரி விதி பார்ப்பது டிசபிலிட்டி தொடங்கிய நாளை. உள்ளே தொடங்கியது எவ்வளவு நீண்டாலும் உள்ளே தொடங்கியதுதான். நடுவில் குணமாகி வேலைக்குத் திரும்பி, செப்டம்பர் 10-க்குப் பிறகு மறுபடி முடியாமல் போனால் அது புதிய டிசபிலிட்டியா, பழையதன் தொடர்ச்சியா என்று கேள்வி வரும். சர்ட்டிஃபிகேட்டில் ‘ரெகரன்ட் டிசபிலிட்டி’ பற்றி ஒரு பத்தி இருக்கும், விடை அதில்தான்.

எல்லா மாநிலத்திலும், எல்லா பாலிசியிலும் ஆறுக்கு ஆறு என்று நம்பிவிடாதீர்கள். எண்கள் மாறலாம். உங்கள் சர்ட்டிஃபிகேட்டில் உள்ள எண்களை எடுத்து, மேலே போட்ட கணக்கை உங்கள் தேதிகளோடு ஒரு தாளில் திரும்பப் போடுங்கள்.

படி 3: எதெல்லாம் ‘வைத்தியம்’ என்று எழுதியிருக்கிறது?

இந்த விதியில் தகராறு அதிகம் கிளம்புவது இந்தச் சொல்லில்தான். பாலிசியில் ‘ஆலோசனை, நோயறிதல், சிகிச்சை’ என்று மட்டும் இருந்தால், டாக்டரிடம் போகாமல் வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டது கணக்கில் வராது. சில பாலிசிகளில் ‘மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலும்’ என்று சேர்த்திருப்பார்கள். அப்படியானால் டாக்டரைப் பார்த்தே ஒரு வருடம் ஆகியிருந்தாலும், மருந்துக்கடையில் மாதாமாதம் நிரப்பும் ரத்த அழுத்த மாத்திரை உங்களை உள்ளே இழுத்துவிடும். இன்னும் சிலவற்றில் ‘விவேகமுள்ள எவரும் மருத்துவரை நாடியிருக்கக்கூடிய அறிகுறிகள்’ என்கிற மாதிரி வரி இருக்கும். இது மிகவும் அகலமான வலை. வைத்தியமே பார்க்காதவரையும் பிடிக்கும். உங்கள் மாநிலம் வைத்தியத்தை மட்டுமே அனுமதிக்கிறது, பாலிசி அறிகுறியையும் சேர்க்கிறது என்றால் அந்த வரியே கேள்விக்குரியது. இதை மாநிலக் காப்பீட்டுத் துறையிடம் நேராகக் கேட்கலாம்.

அடுத்து, எந்த நோய்க்கான வைத்தியம்? விதி ‘அதே நோயால்’ என்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர் மூன்றாம் மாதத்தில் சாலை விபத்தில் இறந்தால், சர்க்கரைக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பு இல்லை. அதைக் காட்டி மறுக்க முடியாது. மாரடைப்பு என்றால் கதை சிக்கலாகும். நிறுவனம் ‘சர்க்கரைதான் இதயத்தைக் கெடுத்தது’ என்று சொல்லும். பாலிசியில் ‘காரணமாக இருந்த’ என்று மட்டும் உள்ளதா, ‘காரணமாகவோ பங்களித்ததாகவோ’ என்று உள்ளதா என்பதில் முடிவே மாறலாம். இரண்டாவது நிறுவனத்துக்கு மிகவும் வசதியான சொல்.

வருடாந்தரப் பொதுப் பரிசோதனை ஒரு சாம்பல் பகுதி. ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு கொஞ்சம் கூடுதல் என்று வந்து, டாக்டர் ‘எண்ணெயைக் குறையுங்கள்’ என்று சொல்லி அனுப்பியிருந்தால் அது மருத்துவ ஆலோசனையா? ஆலோசனைதான் என்று நிறுவனம் வாதிடும். எந்த நோய்க்கான ஆலோசனை என்று திருப்பிக் கேட்க வேண்டியது உங்கள் வேலை.

படி 4: மூன்று வாசல்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

உடல்நலத்தைக் காட்டி மறுக்க நிறுவனத்திடம் மூன்று வழிகள் இருக்கின்றன. மறுப்புக் கடிதத்தில் மூன்றும் ஒரே மாதிரித்தான் ஒலிக்கும். பதில் மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

முதல் வழி, சேரவே தகுதியில்லை என்பது. வயது வரம்பு, வாரத்துக்கு இத்தனை மணி நேரம் சம்பள வேலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை போன்றவை. இதில் உங்கள் கேள்வி: தகுதியில்லை என்றால் ஏன் விற்றீர்கள், ஏன் பிரீமியம் வாங்கினீர்கள்? பணத்தைத் திருப்பிக் கேட்பதாவது நிச்சயம் உங்கள் உரிமை. தெரிந்தே விற்றிருந்தால் அதற்கு மேலும் கேட்கலாம்.

இரண்டாவது, நாம் இதுவரை பார்த்த ஏற்கெனவே இருந்த நோய் விலக்கு. இங்கே நீங்கள் பொய் சொன்னதாக யாரும் சொல்லவில்லை. உங்களை ஒன்றும் கேட்காமலே இந்த விதி வேலை செய்யும். உண்மையில், கேள்வி கேட்காமல் தருகிறார்கள் என்பதே இந்த விதி இருப்பதற்கான காரணம். வாசலில் கேட்காததைக் கிளெய்ம் போடும் நாளில் கேட்பார்கள். ‘மெடிக்கல் எதுவும் கிடையாது’ என்பதைச் சலுகையாகக் காது கேட்கிறது, எனக்கென்னவோ அதை எச்சரிக்கையாகத்தான் கேட்கத் தோன்றுகிறது.

மூன்றாவது, விண்ணப்பத்தில் தவறான தகவல். ‘கடந்த இத்தனை ஆண்டுகளில் இதயம், புற்றுநோய், சர்க்கரை ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெற்றீர்களா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று குறித்திருந்து, பிறகு அது உண்மையல்ல என்று தெரிந்தால், காப்பீட்டையே முதலிலிருந்து ரத்து செய்யப் பார்ப்பார்கள். வழக்கமாக இதற்கு 2 ஆண்டு வரம்பு உண்டு. அதற்குப் பிறகு இந்தக் காரணத்தைக் கிளப்புவது அவர்களுக்குக் கடினம். கசப்பான உண்மை ஒன்று: கட்டத்தில் டிக் போட்டது பல நேரம் எதிரில் உட்கார்ந்திருந்த விற்பனையாளர், கையெழுத்து மட்டும் உங்களுடையது. அது எப்படி நடந்தது என்று நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள்.

ஒரு கடிதத்தில் இரண்டாவதையும் மூன்றாவதையும் கலந்து எழுதியிருந்தால், ‘நீங்கள் மறுப்பது விலக்கு விதியின்படியா, தவறான தகவல் என்றா’ என்று எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டுக்கு மூன்றாண்டு வயதாகிவிட்டால் இந்த ஒரு கேள்விக்கே கடிதத்தின் பாதி காணாமல் போகலாம்.

படி 5: கையெழுத்துக்கு முன்

இந்தக் காப்பீடு கட்டாயம் அல்ல. கட்டாயம் என்று யாராவது சொன்னால் நிறுத்திக் கேளுங்கள். 1968-ன் கடன் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழுள்ள விதிகள்படி, பிரீமியத்தை வட்டிச் செலவுக் கணக்கில் சேர்க்காமல் வெளியே வைக்க வேண்டுமானால், அது கட்டாயமில்லை என்று எழுதிக் காட்ட வேண்டும். பிரீமியம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். ‘எனக்கு வேண்டும்’ என்று நீங்கள் தனியாகக் கையெழுத்தோ இனிஷியலோ போட வேண்டும். அந்தத் தனிக் கையெழுத்துக் கோடு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். வேண்டாம் என்றால் அங்கே பேனாவை வைக்காதீர்கள். அவ்வளவுதான்.

வேண்டும் என்றால் சர்ட்டிஃபிகேட்டை அங்கேயே திறந்து விலக்குப் பகுதிக்குப் போங்கள். கடந்த ஆறு மாதத்தில் எந்தெந்த டாக்டரிடம் போனீர்கள் என்று ஃபோன் காலண்டரில் பாருங்கள். முழங்கால், முதுகு, ரத்த அழுத்தம், மன அழுத்தம் என்று நீங்கள் வேலைக்குப் போக முடியாமல் போவதற்கு அதிக வாய்ப்புள்ள காரணமே அந்தப் பட்டியலில் இருந்தால், முதல் ஆறு மாதம் நீங்கள் பணம் கட்டுவது மற்ற நோய்களுக்கும் விபத்துக்கும் மட்டும்தான். அதற்கு அந்தப் பிரீமியம் தகுமா என்று முடிவு செய்யுங்கள். சாதாரணப் பிரசவத்தை விலக்கும் பாலிசிகளும் உண்டு. குடும்பத்தில் அந்தத் திட்டம் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும்.

டிசபிலிட்டியில் இன்னும் இரண்டு வரிகளைப் படியுங்கள். ஒன்று காத்திருப்பு நாட்கள். ‘14 நாள் ரெட்ரோஆக்டிவ்’ என்றால் 14 நாள் முடியாமல் இருந்த பிறகு முதல் நாளிலிருந்தே கணக்கிட்டுத் தருவார்கள். ‘எலிமினேஷன்’ என்றால் அந்த நாட்கள் போனது போனதுதான். மற்றொன்று டிசபிலிட்டிக்கான வரையறை. முதல் 12 மாதம் உங்கள் சொந்த வேலையைச் செய்ய முடியாவிட்டால் போதும், அதற்குப் பிறகு உங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற எந்த வேலையும் செய்ய முடியாதிருக்க வேண்டும் என்பது வழக்கமான அமைப்பு.

பிரீமியம் எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். மொத்தமாக முதலிலேயே கணக்கிட்டு, அதையும் கடனோடு சேர்த்துவிட்டால், பிரீமியத்துக்கும் வட்டி கட்டுவீர்கள். உதாரணத்துக்கு 1,200 டாலர் பிரீமியத்தை 9 சதவீத வட்டியில் 60 மாதத்துக்குக் கடனில் சேர்த்தால் மாதம் 24.91 டாலர் கூடும். முடிவில் கட்டியிருப்பது ஏறக்குறைய 1,495 டாலர். வீட்டுக் கடன்களில் இப்படி மொத்தப் பிரீமியத்தைக் கடனில் ஏற்றுவதை 2010-ன் டாட்-ஃபிராங்க் சட்டம் தடை செய்துவிட்டது. கார் கடனுக்கு அந்தத் தடை இல்லை. மாதாமாதம் பாக்கித் தொகையின் மேல் கட்டும் வகை கிடைத்தால் அதைக் கேளுங்கள், நிறுத்துவதும் எளிது.

உடம்பு ஓரளவு நன்றாக இருப்பவர்கள் சாதாரண டேர்ம் ஆயுள் காப்பீட்டையும் விலை கேட்டுப் பார்ப்பது நல்லது. அங்கே நோயைப் பற்றி முதலிலேயே தோண்டித் துருவிக் கேட்பார்கள். ஆனால் உண்மையைச் சொல்லிப் பாலிசி கையில் வந்துவிட்டால், பொதுவாக இந்த ஆறு மாத விலக்கு அதில் இருக்காது. பணமும் கடன் கொடுத்தவருக்குப் போகாமல் வீட்டாருக்கு வரும்.

படி 6: மறுகடன் வாங்கும்போது கடிகாரத்தைக் கவனியுங்கள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒன்றரை வருடம் கழித்து வட்டி குறைகிறது என்று ரீஃபைனான்ஸ் செய்கிறீர்கள். பழைய கடன் முடிந்தது, பழைய காப்பீடும் முடிந்தது. புதிய கடன், புதிய காப்பீடு, புதிய தொடக்க நாள். அப்படியானால் முன்னால் ஆறும் பின்னால் ஆறும் மறுபடி ஒன்றிலிருந்தா? என்.ஏ.ஐ.சி. மாதிரி விதிமுறை இதற்கு ஒரு பாதுகாப்பு தருகிறது: மறுகடன் எடுத்த நேரத்தில் பழைய கடனில் மீதமிருந்த தொகைக்கும் காலத்துக்கும், முதல் காப்பீடு தொடங்கிய நாளையே தொடக்க நாளாகக் கொள்ள வேண்டும். அதற்கு மேல் கூடுதலாக வாங்கிய தொகைக்குத்தான் கடிகாரம் புதிதாக ஓடும். உங்கள் மாநிலம் இதை ஏற்றிருக்கிறதா, காப்பீட்டு நிறுவனம் மாறினால் என்ன ஆகும் என்பதைக் கையெழுத்துக்கு முன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பழைய சர்ட்டிஃபிகேட்டைத் தூக்கி எறியாதீர்கள். தொடக்க நாளுக்கு அதுதான் ஆதாரம்.

கிரெடிட் கார்டு, கிரெடிட் லைன் மாதிரி எடுத்து எடுத்துக் கட்டும் கடனில் ஒவ்வொரு முறை எடுத்த தொகைக்கும் அது கணக்கில் ஏறிய நாளே தனித் தொடக்க நாளாகக் கொள்ளப்படலாம். நோய் தெரிந்த பிறகு எடுத்த பணத்துக்கு மறுப்பும், முன்பே எடுத்ததற்கு அனுமதியும் என்று ஒரே கணக்கில் இரண்டு முடிவு வரும். நிறுவனம் மொத்தத்தையும் மறுத்திருந்தால் மாதாந்தர ஸ்டேட்மென்ட்டுகளை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து எடுத்த காப்பீடு என்றால், ஒருவருடைய வைத்தியம் மற்றவருடைய கிளெய்மைத் தொடாது.

படி 7: கிளெய்ம் போடும்போது

முதலில் ஒன்று: கிளெய்ம் போட்டாயிற்று என்று தவணை கட்டுவதை நிறுத்தாதீர்கள். முடிவு வரும்வரை கடன் உங்கள் கடன்தான். தாமதக் கட்டணமும் கிரெடிட் ஸ்கோர் அடியும் உங்களுக்குத்தான் விழும். கட்ட முடியாத நிலை என்றால், கிளெய்ம் நிலுவையில் இருப்பதைச் சொல்லிக் கடன் கொடுத்தவரிடம் அவகாசம் கேளுங்கள்.

டிசபிலிட்டி கிளெய்மில் மூன்று படிவங்கள் இருக்கும்: உங்களுடையது, வேலை கொடுப்பவருடையது, சிகிச்சை தரும் டாக்டருடையது. விலக்கு விதியைப் பொறுத்தவரை எல்லாம் மூன்றாவதில்தான். ‘அறிகுறிகள் எப்போது முதலில் தோன்றின?’, ‘இதற்காக எப்போது முதலில் பார்த்தார்?’, ‘இதே அல்லது இதுபோன்ற பிரச்சினை முன்பு இருந்ததா?’ என்று அதில் கேட்பார்கள். டாக்டர் அலுவலகத்தில் அவசரத்தில் ‘பல ஆண்டுகளாக’ என்று எழுதிவிடுவார்கள். எழுதியவருக்கு அது ஒரு பொதுவான விவரம், கிளெய்ம் பார்ப்பவருக்கு அது மறுப்புக்கான முதல் வரி. படிவத்தைக் கொடுக்கும் முன் டாக்டரிடமோ நர்ஸிடமோ இரண்டு நிமிடம் பேசி, பதிவேட்டில் உள்ள சரியான தேதிகளை எழுதச் சொல்லுங்கள். உண்மையை மாற்றச் சொல்லவில்லை, துல்லியமாக எழுதச் சொல்கிறோம். போன வருடம் இருந்தது இடுப்புத் தசைப்பிடிப்பு, இப்போது இருப்பது முதுகெலும்பு வட்டு (டிஸ்க்) விலகல் என்றால் இரண்டும் ஒன்றல்ல என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும்.

மரணக் கிளெய்மில் அந்த இடத்தை இறப்புச் சான்றிதழ் பிடித்துக்கொள்கிறது. அமெரிக்கச் சான்றிதழில் மரணக் காரணத்துக்கு இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் மரணத்துக்கு இட்டுச்சென்ற காரணங்களின் சங்கிலி, இரண்டாவதில் ‘பங்களித்த மற்ற நிலைமைகள்’. நிமோனியாவால் இறந்தவருக்கு இரண்டாம் பகுதியில் ‘ரத்த அழுத்தம், சர்க்கரை’ என்று வழக்கமாக எழுதிவைப்பார்கள். அந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு மறுப்பு கிளம்பலாம். குடும்பத்தார் பார்க்க வேண்டியது, பாலிசி ‘எந்த நோயால் இறந்தாரோ’ என்று கேட்கிறதா, பங்களித்ததையும் சேர்க்கிறதா என்று. சான்றிதழில் எழுதியது தவறு என்றால், எழுதிய மருத்துவரிடமே திருத்தம் கேட்கலாம்.

மருத்துவப் பதிவுகளை நிறுவனம் வாங்கும் முன்போ, அதே நேரத்திலோ நீங்களும் வாங்குங்கள். தனியுரிமைச் சட்டமான ஹிப்பாவின் கீழ், கேட்ட 30 நாளுக்குள் மருத்துவமனை தர வேண்டும். எழுத்தில் காரணம் சொல்லி ஒரு முறை இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். முன்னால் ஆறு மாதப் பதிவுகளை ஒவ்வொரு பக்கமாகப் படியுங்கள். நீங்கள் சொல்லாததும் அதில் இருக்கும், சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டதும் இருக்கும். பிழையைத் திருத்தக் கேட்கவும் அதே சட்டம் வழி தருகிறது.

படி 8: மறுப்பு வந்த பிறகு

ஃபோனில் சண்டை போட்டுப் பயனில்லை. கடிதம் எழுதி மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த விதியின்படி மறுத்தீர்கள், அதன் முழு வாசகம் என்ன; எந்தத் தேதியின் எந்தப் பதிவை வைத்து முடிவு செய்தீர்கள்; கிளெய்ம் கோப்பின் நகல். ‘உங்களுக்கு ஏற்கெனவே இருந்தது’ என்பது பதில் அல்ல. தேதி வேண்டும்.

பதில் வந்ததும் ஒரு தாளில் குறுக்கே கோடு போட்டு, காப்பீடு தொடங்கிய நாளை நடுவில் வையுங்கள். இடப்பக்கம் ஆறு மாதம், வலப்பக்கம் ஆறு மாதம். அவர்கள் சொல்லும் வைத்தியத் தேதி இடப்பக்கப் பெட்டிக்குள் விழுகிறதா? டிசபிலிட்டி தொடங்கிய நாள் வலப்பக்கப் பெட்டிக்குள் விழுகிறதா? இரண்டும் ஒரே நோயா? மூன்றில் ஒன்றுக்காவது ‘இல்லை’ வந்தால் உங்கள் மேல்முறையீட்டின் மையம் அதுதான். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதை மட்டும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். நோய் எவ்வளவு படுத்துகிறது, குடும்பம் எப்படித் தவிக்கிறது என்று நான்கு பக்கம் எழுதத்தான் தோன்றும். கோப்பைப் பார்ப்பவர் தேடுவது தேதியை. கூடவே டாக்டரின் கடிதம் ஒன்றை இணையுங்கள். ‘இன்ன தேதியில் பார்த்தது இன்ன காரணத்துக்கு, இப்போதைய பிரச்சினை அதனால் ஏற்பட்டதல்ல’ என்று நான்கு வரி இருந்தால் போதும்.

மூன்றுக்கும் ‘ஆம்’ வந்துவிட்டால்? விலக்கு பொருந்துகிறது. ஆனாலும் சர்ட்டிஃபிகேட் உங்களுக்குக் கொடுக்கப்பட்டதா, வைத்தியம் என்பதற்கு அதில் உள்ள வரையறை மாநில விதியைவிட அகலமா, மறுகடன் என்றால் தொடக்க நாளைச் சரியாக எடுத்தார்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மேல்முறையீடும் தோற்றால் மாநிலக் காப்பீட்டுத் துறையில் புகார் கொடுங்கள். கட்டணம் கிடையாது. துறை நிறுவனத்திடம் எழுத்தில் விளக்கம் கேட்கும். யார் சொன்னது உண்மை என்ற தகராறைத் துறை தீர்த்து வைக்காது, ஆனால் விதியைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் பிடிக்கும், தேதிப் பிழைகளும் அந்த வகைதான். தொகை பெரிதாக இருந்தால் காப்பீட்டு வழக்குகள் பார்க்கும் வக்கீலிடம் ஒருமுறை பேசலாம்.

மரணக் கிளெய்ம் மறுக்கப்பட்டு, கடன் கொடுத்தவர் வீட்டாரைக் கூப்பிட்டுக் ‘கட்டுங்கள்’ என்றால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். இறந்தவரின் கடன் பொதுவாக அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் தீர்க்கப்படும். கூடக் கையெழுத்துப் போட்டவர்களுக்கும், கணவன் மனைவி சொத்தைப் பொதுவாகக் கருதும் சில மாநிலங்களில் துணைக்கும் நிலைமை வேறு. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு தவணைகூடக் கட்டிவிடாதீர்கள். கார் வேண்டுமா வேண்டாமா என்பது தனி முடிவு. கடன் நின்றுபோனால் வண்டியை எடுத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது.

கடைசியாகப் பிரீமியம். தகுதியில்லை என்றோ தவறான தகவல் என்றோ காப்பீட்டை ரத்து செய்திருந்தால், வாங்கிய பிரீமியத்தைத் திருப்பித் தர வேண்டும். கடனை முன்கூட்டியே முடித்தாலும் மறுகடன் எடுத்தாலும், மொத்தமாகக் கட்டிய பிரீமியத்தில் ஓடாத காலத்துக்கான பங்கு உங்களுக்குத் திரும்ப வர வேண்டும். அது பெரும்பாலும் கடன் கணக்கில் வரவு வைக்கப்படும். வரவு வந்ததா என்று கடைசி ஸ்டேட்மென்ட்டில் பாருங்கள். வரவில்லையென்றால், ரத்து செய்த தேதியைப் போட்டு ஒரு கடிதம்.